சத்தம் வைக்காத ராஜா

"பொய் சொல்லுத வாய்க்குப் பள்ளிக்கூடம் எதுக்குட்டி?"

இதை என்னிடம் கேட்டவர், ஆவடி குவார்ட்டர்ஸில் என் அம்மா வேலை செய்த வீட்டுக்காரம்மா. குவார்ட்டர்ஸ் அம்மா என்றுதான் நாங்கள் சொல்வோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது பி.இ. முடித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. ஆனாலும் அந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. அந்த ராஜாவிடம் கிடைக்கும் என்று நினைத்துப் போனேன். அவர் குழப்பத்தைக் கூட்டிவிட்டார்.

எந்த ராஜா என்று உங்களுக்குத் தெரியும். நீங்களும் என் வயதுக்காரர்கள்தான். மாலை நாலரை மணிக்குப் புத்தகப் பையைக்கூட இறக்காமல் டிவி முன்னால் போய் உட்கார்ந்தவர்கள். பானைத் தலை ராஜா. சின்னவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: உப்பளங்களுக்கு நடுவே ஒரு நாடு, அதற்கு நூறு வயது தாண்டிய ஒரு ராஜா. தாடியைப் பின்னி இடுப்பில் சொருகியிருப்பார். தன் சொந்த ஜன்னலையே தட்டிவிட்டுத்தான் திறப்பார். மாடிப்படியில் எப்போதும் பின்பக்கமாகத்தான் இறங்குவார். அரண்மனையில் ஒரு வாத்து உண்டு. படைத்தளபதி அவருக்கு வணக்கம் வைத்தால், அவர் அந்த வாத்துக்கு வணக்கம் வைப்பார்.

இந்தத் தொடருக்கான நம் ரசிகர் குழுவில் மூன்று மாதமாக நடக்கும் சண்டை அவரைப் பற்றித்தான். ஒரு கட்சி அவர் பைத்தியம் என்கிறது. இன்னொரு கட்சி அவரைப்போல் தந்திரக்காரர் கிடையாது என்கிறது. ஒரே ஒரு வரி போட்டதைத் தவிர இத்தனை நாள் நான் வாயைத் திறக்கவில்லை. காரணம், நான் பார்த்த ராஜா உங்கள் ராஜாவே இல்லை. நான் அவரைச் சத்தமில்லாமல் பார்த்தேன்.

என் அம்மா குவார்ட்டர்ஸில் மூன்று வீடுகளில் வேலை செய்துகொண்டிருந்தாள். பள்ளி விட்டதும் நான் நேராக அவளிடம் போய்விடுவேன். வெள்ளானூரில் எங்கள் வீட்டில் அந்நேரத்துக்கு ஆள் இருக்காது. நாலரை மணிக்கு அம்மா கடைசி வீட்டில் இருப்பாள். தரைத்தளம். பின்பக்கம் துவைக்கிற கல், அதை ஒட்டி அடுப்படிக் கதவு. அந்த வீட்டுக்காரர்கள் திருநெல்வேலிப் பக்கம். வீட்டு அய்யா ஃபேக்டரியில் வேலை. அந்த வருஷம் பொங்கலில் இருந்து அவருக்கு நைட் ஷிப்ட் மட்டும்தான். பகல் முழுக்க உள்ளறையில் ஜன்னலுக்குப் போர்வை கட்டித் தூங்குவார். அதனால் டிவியில் சத்தம் கிடையாது. ரிமோட்டை பாலிதீன் உறையில் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றியிருப்பார்கள். அந்த வீட்டு அக்கா பட்டனை அழுத்தி, திரையில் ஒலியைக் காட்டும் பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து தீர்ந்த பிறகுதான் சேனலையே மாற்றுவாள். அய்யாவின் குறட்டையும் ஃபேன் சத்தமும்தான் கேட்கும்.

அக்கா ஐந்தாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். அவள் சோபாவில் உட்காருவாள். நான் அடுப்படிக் கதவருகே. அங்கேதான் உட்கார வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை, சொல்லாமலே தெரியும். என் தலைக்கு மேல் ஜன்னல் விளிம்பில் ஓர் எவர்சில்வர் தம்ளர் இருக்கும். அடியில் ஆணியால் குத்திய மூன்று புள்ளிகள் அடையாளம். அம்மாவுக்கு டீ ஊற்றித் தருவது அதில்தான். உள்ளே இருக்கிற தம்ளர்களோடு அது சேராது. அந்த வீட்டில் நாங்கள் கேட்காமல் தொடக்கூடிய ஒரே பொருள் அது.

முதல் நாள் அக்கா திரும்பிப் பார்த்துக் கேட்டாள். "ஏட்டி, இவரு என்ன சொல்லுதாரு?"

எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. இங்கிலீஷ் மீடியம் அக்கா என்னிடம் ஒன்று கேட்கிறாள் அல்லவா.

"'இன்னாய்யா மந்திரி, துன்னியா? துன்னுட்டு வந்து நில்லு. காலி வவுத்தோட வந்து எனக்கு புத்தி சொல்லாத'ன்றாரு."

அக்கா சோபாவில் புரண்டு சிரித்தாள், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு. அவ்வளவுதான். அன்றிலிருந்து ராஜாவுக்குக் குரல் நான்தான். கிசுகிசுப்பாகப் பேசுவேன். வாத்துக்கு ஒரு குரல், தளபதிக்கு மூக்கடைத்த ஒரு குரல். ராஜா மட்டும் எங்கள் தெருவில் பேசுகிற மாதிரியே பேசுவார். வீட்டுக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கும்போது அன்றைய கதையை அம்மாவுக்கும் சொல்வேன். அம்மா கையில் சோப்பு வாசனையோடு, கண்ணைப் பஸ் வருகிற பக்கம் வைத்துக்கொண்டே கேட்பாள். "அந்தக் கெய்வன் நல்ல ஆளுதான்டி" என்பாள்.

கிரீடம் வந்த நாளைச் சொல்ல வேண்டுமானால், முதலில் எங்கள் தெருவில் தண்ணீர் வருவதைச் சொல்ல வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் லாரி வரும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் விடிந்ததுமே குடங்கள் வரிசையில் நிற்கும், ஆட்கள் நிற்க மாட்டார்கள். எங்களுடையது பச்சைக் குடம். கழுத்தில் அம்மா கரண்டியைச் சுட்டு வைத்த ஒரு வடு இருக்கும். குடம் நின்றால் ஆள் நிற்கிற மாதிரி. வரிசை நகர்ந்தால் பின்னால் இருப்பவள் முன்னால் இருக்கிற குடத்தையும் சேர்த்து நகர்த்தி வைப்பாள். யாருடைய குடமும் காணாமல் போனதில்லை. எனக்கு உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான்.

டிவியில் அன்று ராஜா சபைக்கு வந்தார். கிரீடத்தைக் கழற்றினார். சிம்மாசனத்தின் மேல் வைத்தார். சமையல்காரனைக் கூப்பிட்டு அவன் கையிலிருந்த பானையை வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டார். மந்திரியின் காதில் ஏதோ சொன்னார். இருக்கிற நான்கு பல்லும் தெரியச் சிரித்தார். படியில் பின்பக்கமாக இறங்கிப் போய்விட்டார்.

"எங்கட்டி போறாரு?"

எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. "எடம் போட்டு வெச்சிட்டு போறாருக்கா. 'எனக்கு வெளிய ஒரு வேல கீது, முட்ச்சிட்டு வந்துடறேன். என் எடத்த பாத்துக்கோ நைனா'ன்றாரு."

"யாராச்சும் எடுத்துட்டா?"

"எப்டி எடுப்பாங்க? அவரு நிக்கறாரே."

"அவருதான் போயிட்டாருல்லா?"

"கிரீடம் நிக்குதுல்லக்கா. லைன் நகந்தா பின்னாடி கீறவங்க நகத்தி வெக்கணும். அவ்ளோதான்."

அக்கா அதை அப்படியே நம்பினாள். நானும் நம்பினேன் என்பதுதான் விஷயம். சொல்லி முடித்த பிறகு அது நான் கட்டிய கதையாக எனக்குத் தோன்றவில்லை. பார்த்த கதையாகத்தான் தோன்றியது. மறுநாளும் கிரீடம் சிம்மாசனத்திலேயே இருந்தது. ராஜா பானையோடு உப்பளத்தில் பல்லிகளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் அம்மா உள்ளே தரை துடைத்துக்கொண்டிருந்தாள். "கல்லுல தண்ணி ஊத்தி வுடுடி" என்றாள். நான் பின்பக்கம் போனேன். துவைக்கிற கல்லின் ஓரத்தில், சோப்பு வைக்கிற பள்ளத்தில் ஒரு மோதிரம். சிவப்புக் கல், சுற்றிலும் சின்னச் சின்ன மணிகள். குவார்ட்டர்ஸ் அம்மாவுடையது. அவர் பக்கத்துப் பிளாக்குக்குப் போயிருந்தார்.

எனக்கு அது மோதிரமாகவே படவில்லை. குவார்ட்டர்ஸ் அம்மா அங்கே நிற்கிற மாதிரி இருந்தது. தண்ணீரை ஊற்றினால் சாக்கடைக்குப் போய்விடும். மதில் மேல் ஒரு காக்காய் வேறு. எடுத்தேன். உள்ளே கொண்டுபோய் வைக்க வேண்டும், ஆனால் அந்த வீட்டு அலமாரியை நான் தொட்டதில்லை. ஜன்னல் விளிம்பில் எங்கள் தம்ளர் இருந்தது. அதற்குள் போட்டேன். கிணுக்கென்று ஒரு சத்தம். இன்றும் ஏதாவது ஓர் எவர்சில்வர் பாத்திரத்தில் சாவி விழுந்தால் உடனே எடுத்து வெளியே வைத்துவிடுவேன்.

குவார்ட்டர்ஸ் அம்மா வந்ததும் சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் அக்கா கூப்பிட்டாள். "ஏட்டி, போட்டாச்சு, வா." ஓடினேன். அன்று ராஜா வாத்தைத் தொலைத்துவிட்டார். வாத்தைத் தேடுகிற மும்முரத்தில் மோதிரம் என் தலையிலிருந்து போயே போய்விட்டது. அன்று அம்மா டீயும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மறுநாள் நான் போனபோது அம்மா அடுப்படிச் சுவரோடு சுவராக நின்றிருந்தாள். குவார்ட்டர்ஸ் அம்மா சோப்புப் பள்ளத்தை விரலால் தடவிக்காட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தா, இங்கனதான் வச்சேன். வச்ச எடத்துல இல்ல. நீயும் ஒம் மவளும் தவிர யாரு வந்தா?"

"நான் பாக்கவே இல்லம்மா. சாமி சத்தியமா தெர்லம்மா."

எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. நான் எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று எல்லோரும் பார்க்கப்போகிறார்கள். "நான்தான் நகத்தி வெச்சேன்" என்று ஓடிப்போய், எக்கி, தம்ளரை எடுத்துக் கவிழ்த்தேன். மோதிரம் என் உள்ளங்கையில் விழுந்தது.

குவார்ட்டர்ஸ் அம்மா மோதிரத்தைப் பார்க்கவில்லை, தம்ளரைத்தான் பார்த்தார். பிறகு என் அம்மாவைப் பார்த்தார்.

"ஓ. ஒங்க தம்ளர்லயா இருந்துச்சு."

"கொயந்தம்மா அது. எடுத்து வெச்சிருக்குது, எடுத்துகினு போகல."

"இன்னிக்கு நான் கேட்டேன், குடுக்கா. கேக்காட்டி?"

அப்போதுதான் அக்கா என்னைக் காப்பாற்ற வந்தாள். பாவம், அவளுக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை. "எம்மா, அவ மேல தப்பு இல்ல. வச்சிட்டுப் போனா நகத்தித்தான் வைக்கணும். ராசாவே சொன்னாரு."

"எந்த ராசா?"

"டிவில வருவாருல்லா. அவரு பேசுததெல்லாம் இவதான் எனக்குச் சொல்லுவா."

குவார்ட்டர்ஸ் அம்மா என் பக்கம் திரும்பினார். "சத்தமே வைக்கல்லியே. ராசா பேசுனது ஒனக்கு மட்டும் எப்படிட்டி கேட்டுது?"

நான் நின்றேன். தொண்டையில் ராஜாவின் குரல், வாத்தின் குரல், தளபதியின் குரல் எல்லாம் இருந்தன. என் குரல் மட்டும் வரவில்லை.

"அப்போ அம்புட்டும் பொய்யி. பொய் சொல்லுத வாய்க்குப் பள்ளிக்கூடம் எதுக்குட்டி?"

உள்ளறைக் கதவு திறந்தது. அய்யா லுங்கியோடு வந்து நின்றார். கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. மோதிரத்தைப் பார்த்தார், தம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏ பிள்ள, நேத்து அந்த வாத்து கெடச்சுதா இல்லியான்னு சொல்லாமலே போயிட்டியே" என்றார்.

"நீங்க ஒங்க சோலியப் பாத்துட்டுப் படுங்க!" என்று குவார்ட்டர்ஸ் அம்மா கத்தினார். அய்யா போய்ப் படுத்துவிட்டார். அவர் தூங்கியதே இல்லை போலிருக்கிறது, சும்மா குறட்டை விட்டுப் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். அப்படியானால் யாருக்காக நாங்கள் சத்தத்தைக் குறைத்தோம்? எனக்கு இன்றும் புரியவில்லை.

அம்மா தம்ளரை என்னிடமிருந்து வாங்கினாள். குழாயடியில் விளக்கினாள். உள்ளே, வெளியே, அடியில் இருந்த மூன்று புள்ளிகள் மேலேயும். ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்தாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, "வரேம்மா" என்றாள். மறுபடி அந்த வீட்டுக்கு நாங்கள் போகவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நான் கதை சொல்லவில்லை. ஒரு பஸ் நின்றது. அம்மா ஏறவில்லை. அதுவும் போன பிறகு சொன்னாள்.

"வெச்சு பாத்துகீறாங்கடி. எடுக்கறோமா இல்லியான்னு. எல்லா ஊட்லயும் ஒருக்கா வெச்சு பாப்பாங்க. அது பெர்சு இல்ல." அடுத்த பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டே, "ஆனா கொடத்த நகத்தினா கொரல் குடுக்கணும்ல? 'யக்கா, உன் கொடத்த நகத்திட்டேன்'னு கொரல் குடுக்காம நகத்தினா அதுக்கு இன்னா பேரு?"

பெயரை அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. குவார்ட்டர்ஸ் அம்மா என்ன நினைத்தாரோ, அது எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. என் அம்மா மனதில் அந்த வார்த்தை ஒரு நொடியாவது வந்து போனதா என்பதுதான் இத்தனை வருஷமாக என்னோடு இருக்கிறது. அவளிடம் கேட்டதில்லை. ராஜாவின் குரலில் மறுபடி யாருக்கும் கதை சொன்னதுமில்லை. கணக்கு, அறிவியல், பொய் சொல்ல வழியில்லாத பாடங்களாகப் பார்த்துப் படித்தேன். நன்றாகவே படித்தேன்.

இந்த வருஷம் நம் குழுவில் யாரோ அந்தத் தொடர் முழுக்கத் தமிழில் கிடைக்கிறது என்று போட்டீர்கள். அம்பத்தூரிலிருந்து திரும்பும் ரயிலில் காதில் மாட்டிக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன். முதல் அதிர்ச்சி, ராஜா சுத்தமான மேடைத் தமிழ் பேசுகிறார். யாரோ என் வீட்டு ஆளுக்குக் கோட்டு மாட்டிவிட்ட மாதிரி இருந்தது. பிறகு கிரீடம் வந்த நாள். கழற்றினார், வைத்தார், பானையைக் கவிழ்த்தார், மந்திரியின் காதருகே குனிந்தார். ஒலியைக் கூட்டினேன்.

"அமைச்சரே, நான் திரும்பும்வரை இது இங்கேயே இருக்கட்டும். இதைத் தொடுகிற கை எதுவென்று நான் பார்க்க வேண்டும்."

ரயில் பட்டரவாக்கத்தில் நின்றது, புறப்பட்டது. அது பொறி. ராஜா பொறி வைத்திருக்கிறார். இருபது வருஷமாக நான் மனதுக்குள் வைத்திருந்த கிழவர் குவார்ட்டர்ஸ் அம்மாவாக மாறி உட்கார்ந்திருந்தார். தந்திரக்காரர் கட்சிதான் சரி என்று நினைத்தேன். அழுகைகூட வந்தது.

ஆனால் நீங்கள் கடைசிப் பகுதியைப் பார்த்திருக்கிறீர்கள். நான் அதைச் சின்ன வயதில் பார்க்கவில்லை. அதற்குள் எங்கள் வேலை போய்விட்டது. ராஜா திரும்பி வருகிறார். சபை நடுங்குகிறது. அவர் பானையைக் கழற்றுகிறார். சிம்மாசனத்தின் மேல் இருக்கிற கிரீடத்தை அப்படியும் இப்படியும் பார்க்கிறார். "இதை எதற்காக இங்கே வைத்தேன்? யாருக்காவது நினைவிருக்கிறதா?" என்கிறார். அந்த முகத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நடிக்கிறாரா, நிஜமாகவே மறந்துவிட்டாரா? மறதிக்காரர் என்றால், காதில் சொன்ன மிரட்டல் என்ன? மிரட்டல் நிஜம் என்றால், கண்ணில் அந்தப் பயம் என்ன?

குழுவில் என் கட்சியைப் போட்டேன். அவர் பைத்தியமும் இல்லை, தந்திரக்காரரும் இல்லை, இடம் போட்டுவிட்டுப் போனார் என்று. உங்களில் ஒருவர் உடனே கேட்டீர்கள், "ஆடியோ கேட்டீங்களா இல்லையா?" கேட்டேன். கேட்டதுதான் பிரச்சினை.

ஏனென்றால் அதோடு மோதிரமும் குழம்பிவிட்டது. அம்மா சொன்னாள் என்பதற்காக அது சோதனை என்று இத்தனை காலம் நம்பியிருந்தேன். குவார்ட்டர்ஸ் அம்மா கைகழுவ மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மறந்தே போயிருந்தால்? நகை காணவில்லை என்கிற பயத்தில்தான் அவர் அப்படிக் கத்தினாரா? அன்று அவர் விரல் சோப்புப் பள்ளத்தைத் தடவியது நினைவிருக்கிறது. நடுங்கியதா? அந்தக் காட்சியையும் என் மனதில் சத்தம் வைக்காமல்தான் வைத்திருக்கிறேன் போலிருக்கிறது. வசனம் நானே போட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"மா, அந்த மோதரம். நெசமாவே வெச்சு பாத்தாங்களா, மறந்துட்டாங்களா?"

"இன்னாத்துக்குடி இப்ப அத்த நோண்டிகினு கீற?"

"சொல்லும்மா."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "தெர்லடி. வெச்சு பாத்தாங்கன்னு நெனச்சா எனக்கு அங்கேர்ந்து வர்றதுக்கு ஈசியா இருந்துச்சு." மறுபடி கத்தியை எடுத்தாள். "அவங்க ரிட்டயர் ஆயி பாரிவாக்கத்துல ஊடு கட்டிகினாங்களாம். கூட வேல செஞ்சவ சொன்னா."

"போய்ட்டு வரேன்."

"போயி? இன்னான்னு கேப்ப?"

"கேக்கப் போகல. கொரல் குடுக்கப் போறேன்."

அம்மா ஈரக் கண்ணோடு நிமிர்ந்து பார்த்தாள். வெங்காயம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. "அந்த ஊட்டு பொண்ண நான் கேட்டேன்னு சொல்லு" என்றாள். நான் செருப்பை மாட்டும்போது உள்ளிருந்து இன்னொன்றும் சொன்னாள். "நீ எடுத்தன்னு நான் ஒரு நாளும் நெனச்சதில்ல. நீ கேப்பன்னுதான் பாத்துகினே கீறேன்."

பூந்தமல்லியில் இறங்கி பஸ் மாறினேன். பாரிவாக்கத்தில் எல்லா வீடும் புது வீடு. இரண்டு தெரு சுற்றி, விசாரித்து, வாசலில் பித்தளை மணி தொங்கிய வீட்டைக் கண்டுபிடித்தேன். உள்ளே டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. ராஜா ஜன்னலைத் தட்டுகிற மாதிரி இரண்டு தட்டு தட்டினேன்.

"யாரது?"

குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது, ஆனால் அதே குரல்.

"அம்மா, உங்க மோதரத்த நான் நகத்தி வெச்சேன். அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

உள்ளே டிவி சத்தம் நின்றது.